இன்னோமின் பள்ளத்தாக்கு: ஓர் ஊர்ப்புறம் நரகமான கதை

பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்கள் ஒரே பெயரை இரு வேறு இடங்களில் எதிர்கொள்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வழியில்லை. பழைய ஏற்பாட்டில் அது ‘இன்னோம் புத்திரரின் பள்ளத்தாக்கு’. எருசலேம் நகரத்து மதிலுக்கு வெளியே கிடக்கும் ஒரு நிலப்பகுதி. சுவிசேஷங்களில் அதே பெயர் ‘எரிநரகம்’ என்றும் ‘நரகம்’ என்றும் மாறிவிடுகிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிரேக்க மூலத்தில் இருக்கும் ‘கெஹென்னா’ என்ற சொல், அந்நூல்கள் எழுதப்பட்ட காலத்திலேயே இடப்பெயர் என்ற நிலையைக் கடந்து, இறப்புக்குப் பிந்தைய தண்டனையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டிருந்தது. ஆனால் இன்றும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடம் எப்படி நரகத்தின் பெயராயிற்று என்ற கேள்வி, மொழியில் ஈடுபாடுள்ள எவரையும் சும்மா விடாது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். எபிரேயத்தில் அது ‘கே பென் இன்னோம்’. ‘கே’ என்றால் பள்ளத்தாக்கு, ‘பென்’ என்றால் மகன். இன்னோமுடைய மகனின் பள்ளத்தாக்கு என்பது பொருள். எபிரேயத்தில் பள்ளத்தாக்கைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. விரிந்த சமவெளிப் பள்ளத்தாக்கு ‘எமெக்’. மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஆற்றுப்படுகை ‘நஹல்’. நகரின் கிழக்கேயுள்ள கீதரோன் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ‘கே’ என்பது செங்குத்தான சரிவுகளுக்கிடையே ஒடுங்கிச் செல்லும் பள்ளம். பழைய நகரின் மேற்கே தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கி, பிறகு கிழக்கே திரும்பிக் கீதரோனோடு சேரும் இந்த நிலத்துக்கு அது பொருத்தமான சொல்தான்.

இன்னோம் யார்? விவிலியம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. வேறெங்கும் அப்பெயரில் ஒரு மனிதர் குறிப்பிடப்படவில்லை. அவரோ அவர் மகனோ ஒரு காலத்தில் அங்கே நிலம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதே பொதுவான ஊகம். வரலாற்றில் வேறெந்தத் தடயமும் விட்டுச் செல்லாத ஒரு மனிதரின் பெயர், மூன்று மதங்களின் நரகத்துக்கு வந்து சேர்ந்தது என்பது விசித்திரமான விதி.

யோசுவாவின் நூலில் இப்பெயர் எந்தக் கறையுமின்றி வருகிறது. யூதா, பென்யமீன் ஆகிய இரு குலங்களின் எல்லை இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகச் செல்கிறது என்று 15, 18ஆம் அதிகாரங்கள் குறிக்கின்றன. ஒரு நில ஆவணத்தின் நடையில், மலையுச்சி, நீரூற்று, சரிவு என்று எல்லைகளை அடுக்கிச் செல்லும் பகுதி அது. அங்கே இன்னோம் ஓர் எல்லைக்குறி மட்டுமே.

கறை படிந்தது அரசர்கள் காலத்தில். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட ஆகாஸ், அவனுக்குப் பின் ஏழாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆண்ட மனாசே ஆகிய இருவரும் தம் பிள்ளைகளை இப்பள்ளத்தாக்கில் தீக்கு உட்படுத்தினார்கள் என்று நாளாகம நூல் குற்றஞ்சாட்டுகிறது. அச்சடங்கு நடந்த இடத்தின் பெயர் ‘தோப்பேத்’. சடங்கு யாருக்காக நடந்ததோ அந்தப் பெயர் ‘மோளேகு’. இவ்விரு சொற்களின் உச்சரிப்பைப் பற்றி ஒரு சுவையான கருத்து உண்டு. எபிரேயம் மெய்யெழுத்துகளை மட்டுமே கொண்டு எழுதப்பட்ட மொழி. உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன. அப்படிச் சேர்த்தவர்கள், ‘வெட்கக்கேடு’ என்று பொருள்படும் ‘போஷெத்’ என்ற சொல்லின் உயிரொலிகளை வேண்டுமென்றே இவ்விரு சொற்களிலும் புகுத்தினார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் ஆபிரகாம் கைகர் கருதினார். கண்ணால் ஒன்றைப் பார்த்தாலும் வாய் வெட்கத்தை உச்சரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. எல்லோரும் இதை ஏற்பதில்லை.

மோளேகு ஒரு தெய்வமே அல்ல என்ற வாதமும் எழுந்தது. 1935-ல் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ஐஸ்ஃபெல்ட், வட ஆப்பிரிக்கப் பியூனிக் கல்வெட்டுகளில் வரும் இதே மெய்யெழுத்துச் சொல் ஒரு பலிவகையைக் குறிப்பதைச் சுட்டிக்காட்டினார். 1921-ல் கார்த்தேஜ் நகரில் சிசுக்களின் எரிந்த எலும்புகள் கொண்ட தாழிகள் நிறைந்த ஒரு புனித வளாகம் கண்டெடுக்கப்பட்டபோது, ஆய்வாளர்கள் விவிலியத்திலிருந்து கடன் வாங்கி அதற்கு ‘தோபெத்’ என்றே பெயரிட்டார்கள். அவை பலியிடப்பட்ட குழந்தைகளா, இயல்பாக இறந்த சிசுக்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓரிடத்தின் பெயர் வேறொரு கண்டத்து இடத்துக்குப் போய்ச் சேரும்போது, தீர்ப்பையும் கூடவே சுமந்து சென்றுவிடுகிறது.

எருசலேமுக்குத் திரும்புவோம். கி.மு. 640 முதல் 609 வரை ஆண்ட யோசியா, தன் சமயச் சீர்திருத்தத்தின்போது தோப்பேத்தைத் தீட்டாக்கினான். இனி அங்கே யாரும் பிள்ளைகளைத் தீயில் இடக்கூடாது என்பதற்காக. அக்காலத்தில் வாழ்ந்த எரேமியாவே இந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத் தீராத வசைக்கு உள்ளாக்கியவர். அவர் ஒரு மண்கலயத்தை வாங்கி, ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு இன்னோமின் பள்ளத்தாக்குக்குப் போய், அவர்கள் கண்முன் அதை உடைத்த காட்சி அவருடைய நூலின் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கலயத்துக்கு எபிரேயத்தில் ‘பக்புக்’. கடவுள் யூதாவின் ஆலோசனையை வெறுமையாக்குவார் என்று அங்கே சொல்லப்படும் வினைச்சொல் அதே ஒலியை எதிரொலிக்கிறது. நாட்கள் வரும், அப்போது இந்த இடத்துக்கு இன்னோம் என்ற பெயர் இராது, சங்காரப் பள்ளத்தாக்கு என்றே பெயர் வழங்கும் என்று அவர் அறிவித்தார். புதைக்க இடமின்றிப் பிணங்கள் பறவைகளுக்கு இரையாகும் என்றும் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இச்சடங்கை நான் கட்டளையிடவில்லை, அது என் மனதிலும் தோன்றவில்லை என்று கடவுள் மறுப்பதாக எரேமியா திரும்பத் திரும்பச் சொல்கிறார். யாரும் கேட்காத குற்றச்சாட்டை ஒருவர் இத்தனை முறை மறுக்கமாட்டார். அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்த பெற்றோரில் சிலராவது, அந்நிய தெய்வத்துக்கல்ல, தங்கள் கடவுளுக்கே அதைச் செய்வதாக நம்பியிருக்க வேண்டும். எரேமியாவின் சினம் அத்தனை கடுமையாக இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

எனினும் எரேமியாவின் பெயர்மாற்றம் உடனே பலிக்கவில்லை. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து மீண்டவர்கள் பெயெர்செபா தொடங்கி இன்னோமின் பள்ளத்தாக்கு வரை குடியேறினார்கள் என்று நெகேமியாவின் நூல் சாதாரணமாகச் சொல்லிச் செல்கிறது. மறுபடியும் வெறும் எல்லைக்குறி. நரகம் பிறந்தது அதற்குப் பின்னர்தான்.

ஏனோக்கின் நூலில், காணும் உலகையெல்லாம் சுற்றிவரும் ஏனோக்கு, புனித மலைக்கருகே ஒரு சபிக்கப்பட்ட பள்ளத்தாக்கைக் காண்கிறார். இறுதித் தீர்ப்பில் சபிக்கப்பட்டோர் அங்கே சேர்க்கப்படுவர் என்று வானதூதர் விளக்குகிறார். பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் நிலவமைப்பு தெளிவாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிலவியல் இறையியலாகிறது. முதல் நூற்றாண்டில் ‘கெஹென்னா’ என்ற சொல் புதிய ஏற்பாட்டில் பன்னிரண்டு முறை வருகிறது. பதினொன்று இயேசுவின் வாய்மொழியாக மத்தேயு, மாற்கு, லூக்கா நூல்களில். ஒன்று யாக்கோபின் நிருபத்தில். அரபியில் அது ‘ஜஹன்னம்’. கிரேக்கம் உதிர்த்துவிட்ட இறுதி மகரமெய்யை அரபி காப்பாற்றி வைத்திருக்கிறது. குர்ஆனை ஓதும் தமிழ் முஸ்லிம் ஒருவரின் நாவிலும் அந்த அறியப்படாத இன்னோமின் பெயர் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

யூத ரபிகள் இந்த நெருப்புக்கு ஓர் எல்லை வகுத்தார்கள் என்பது மனதைத் தொடும் செய்தி. தீயோருக்குக் கெஹின்னோமில் தண்டனை பன்னிரண்டு மாதங்கள் என்று மிஷ்னா, ரபி அகிபாவின் பெயரால் சொல்கிறது. அதனால்தான் இறந்த பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் ‘கத்திஷ்’ பிரார்த்தனையைப் பதினொரு மாதங்களோடு நிறுத்தும் வழக்கம் தோன்றியது. முழுப் பன்னிரண்டு மாதமும் சொன்னால் என் தந்தை தீயவர் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? பள்ளத்தாக்கில் இரண்டு பேரீச்ச மரங்கள் உண்டு, அவற்றின் நடுவே புகை எழும், அதுவே கெஹின்னோமின் வாசல் என்று தல்மூத் ஒரு குறிப்பைத் தருகிறது. நரகத்துக்கு அடையாள மரம் சொல்லும் இந்தத் துல்லியம், பெயர் தன் மண்ணை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

இன்று இப்பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. இயேசுவின் காலத்தில் அது நகரத்தின் குப்பைமேடு, அங்கே இடைவிடாமல் தீ எரிந்துகொண்டிருந்தது, அதனால்தான் நரகத்துக்கு அது உவமையாயிற்று என்பார்கள். பல நூல்களிலும் பிரசங்கங்களிலும் இதைக் கேட்கலாம். பகுத்தறிவுக்கு உகந்ததாகத் தோன்றும் இவ்விளக்கத்துக்கு நாமறிந்த பழைய ஆதாரம், கி.பி. 1200ஐ ஒட்டி நார்போனில் வாழ்ந்த தாவீத் கிம்ஹி என்ற உரையாசிரியர் சங்கீதங்களுக்கு எழுதிய உரைதான். முதல் நூற்றாண்டு நூல்களில் இதற்குச் சான்றில்லை. பள்ளத்தாக்கின் அகழாய்வுகளும் இதை உறுதிசெய்யவில்லை. அந்தக் காலத்து எருசலேமின் பெரிய குப்பைக்கிடங்கு ஒன்று கண்டெடுக்கப்பட்டது உண்மை. அது இருந்ததோ கிழக்கே, கீதரோனை நோக்கிய சரிவில். ஒரு வசவுப்பெயருக்குக் காரணம் தேடும் பிற்காலத்து மனம், அந்த இடத்தின் மீது இன்னொரு அழுக்கையும் கொட்டிவிட்டது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, 1979-ல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பள்ளத்தாக்கின் தென்மேற்குச் சரிவில், ஸ்காட்லாந்து தேவாலயத்தை ஒட்டி, கேப்ரியல் பர்க்காய் என்ற தொல்லியலாளர் பாறையில் குடைந்த கல்லறைகளை அகழ்ந்துகொண்டிருந்தார். அவ்விடத்துக்குக் ‘கெதேஃப் இன்னோம்’ என்று பெயர், இன்னோமின் தோள். பெரும்பாலான கல்லறைகள் எப்போதோ கொள்ளையடிக்கப்பட்டவை. உதவிக்கு வந்திருந்த சிறுவர்களில் ஒருவன் ஒரு குழியின் தரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க, தரை உடைந்தது. அது தரையே அல்ல, இடிந்து விழுந்த கூரை. அதன் அடியில் கொள்ளையர் கண்ணில் படாத எலும்புகளும் மட்கலங்களும் நகைகளுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருட்கள். அவற்றுள் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள்.

சேதமின்றி அவற்றை விரிக்க மூன்றாண்டுகள் பிடித்தன. விரித்தபோது பெரியது பத்து சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. சிறியது நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய கீறல்களாகப் பழைய எபிரேய எழுத்துகள். இறைவனின் நான்கெழுத்துப் பெயர் முதலில் புலப்பட்டது. பிறகு, எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் குருக்கள் மக்களுக்கு வழங்கும் ஆசிமொழி. இறைவன் காக்கவேண்டும், அவர் முகம் ஒளிரவேண்டும், அமைதி அருளவேண்டும் என்று வேண்டும் சொற்கள். 2004-ல் புதிய ஒளிப்படங்களின் துணையோடு ஆய்வாளர்கள் இவற்றை மீண்டும் வாசித்து, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதி அல்லது ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம் என்ற காலக்கணிப்பை உறுதிப்படுத்தினார்கள். சாக்கடல் சுருள்களுக்குச் சுமார் நானூறு ஆண்டுகள் முந்தையவை. எபிரேய விவிலியத்தின் வாசகங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவையே.

அந்தக் காலம் எரேமியாவின் காலம். அவர் கலயத்தை உடைத்துச் சாபமிட்ட அதே பள்ளத்தாக்கின் விளிம்பில், அதே தலைமுறையில், பெயரறியாத யாரோ ஒருவர் வெள்ளித்தகட்டில் ஆசிமொழியைக் கீறச்செய்து கழுத்தில் அணிந்திருக்கிறார். இறந்தபின் அதனோடேயே அங்கே கிடத்தப்பட்டிருக்கிறார். எரேமியா பொய் சொல்லவில்லை. எரிந்த பிள்ளைகளுக்காக அவர் எழுப்பிய குரல் எழுப்பப்பட வேண்டிய குரல்தான். ஆனால் அந்தக் குரல் நூலாகிப் பல மொழிகளில் பரவியது. வெள்ளித்தகடு மண்ணுக்குள் இருபத்தாறு நூற்றாண்டுகள் பேசாமல் கிடந்தது. பெயரோடு பயணம் செய்தது சாபம் மட்டுமே.

பள்ளத்தாக்கு அதற்குப் பிறகும் பலவற்றைப் பார்த்திருக்கிறது. 1948-ல் போரின்போது அதன் குறுக்கே ஓர் எஃகுக் கம்பி கட்டப்பட்டு, இரவில் மட்டும் சீயோன் மலைக்குப் பொருட்களும், அங்கிருந்து காயமுற்றோரும் கொண்டுசெல்லப்பட்டனர். பகலில் எதிரியின் கண்ணில் படாமலிருக்கக் கம்பியைத் தாழ்த்திவிடுவார்கள். 1967 வரை இஸ்ரேலுக்கும் ஜோர்தானுக்கும் இடைப்பட்ட எல்லை இவ்வழியே சென்றது. யோசுவாவின் நூலில் இருந்ததைப் போலவே மீண்டும் ஓர் எல்லை. 2023-ல் இதன் மேலே 202 மீட்டர் நீளமுள்ள தொங்குபாலம் ஒன்று நடப்பவர்களுக்காகத் திறக்கப்பட்டது. கீழே ஒலிவ மரங்கள் நிற்கின்றன. மக்கள் அங்கே வாழ்கிறார்கள், நிலத்துக்காக வழக்காடுகிறார்கள்.

‘எரிநரகம்’ என்ற சொல்லை அடுத்த முறை வாசிக்கும்போது, அதற்குள் ஒரு மனிதரின் பெயர் புதைந்திருப்பதை நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குரிய சரிவில், தன் முகத்தின் மீது ஒளி விழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒருவர் உறங்கிக் கிடந்ததையும்.