நயனா, டென்னா? மெல்லிய கம்பி பிறந்த கதை

கொடைக்கானலில் எலெக்ட்ரிக் கிடார் கற்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், பாட்டைப் பற்றிய பேச்சு சீக்கிரமே கம்பியைப் பற்றிய பேச்சாகிவிடும். நயன் செட்டா, டென் செட்டா? ஒருவன் நயன்தான் விரலுக்கு இதம் என்பான். இன்னொருவன் டென் போட்டால்தான் ‘சவுண்டு’ கனமாக வரும் என்பான். அமெரிக்க மிஷனரிகள் 1901-ல் தொடங்கிய பள்ளியும், அதற்கும் முன்பே வந்த தேவாலயங்களும் மேற்கத்திய இசையை மலையேற்றிவிட்ட ஊர் இது. இந்தச் சண்டை இங்கே தீர்ந்ததே இல்லை.

நயன், டென் என்பவை ஆறு கம்பிகளில் மிக மெல்லியதான முதல் கம்பியின் விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்பது பங்கு, பத்துப் பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.23, 0.25. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனால் விரலுக்கு அது நன்றாகவே தெரியும். 1950களில் ஒருவர் கடைக்குப் போய் எலெக்ட்ரிக் கிடாருக்குக் கம்பி கேட்டிருந்தால் இந்த இரண்டுமே கிடைத்திருக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று தடித்த செட்டைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

தடித்த கம்பி வந்ததற்குக் காரணம் சத்தம். 1920களில் அமெரிக்க நடனக் கூடங்களில் டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கிடார் வாசித்தவரின் வாசிப்பு அவருக்கே கேட்காது. கிடாரின் உடலைப் பெரிதாக்கினார்கள், கம்பியைத் தடிமனாக்கினார்கள். தடித்த கம்பியை அதே சுருதிக்கு ஏற்ற வேண்டுமென்றால் இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டிய கனமான கம்பி பலகையை ஓங்கி அதிரவைக்கும், சத்தம் கூடும். அதற்கு விலை கொடுத்தது வாசிப்பவரின் விரல்நுனி.

1931-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் வேறு வழி கண்டார். காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளை வைத்து, அதற்கு அருகில் எஃகுக் கம்பியை அதிரவிட்டால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஓசை. அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அவர் செய்த அலுமினியக் கிடார் வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் நிலைத்தது. 1932-ல் விற்பனைக்கு வந்தது. பீச்சத்துக்குக் காப்புரிமை கிடைத்தது 1937-ல்.

எந்தக் கம்பி போடுவது என்பதில் முதல் விதியை, காந்தமும் சுருளும் சேர்ந்த இந்த ‘பிக்கப்’தான் எழுதியது: கம்பி காந்தத்துக்கு மசிய வேண்டும். பழனி மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர் இளையராஜா. அந்தக் கிளாசிக்கல் கிடாரின் கம்பி நைலான். அதை எலெக்ட்ரிக் கிடாரில் மாட்டினால் பிக்கப் வாய் திறக்காது. அக்கூஸ்டிக் கிடாருக்கான வெண்கலம் சுற்றிய கம்பியை மாட்டினாலும் பாதிக் கிணறுதான். உள்ளே இருக்கும் எஃகு மட்டும் காந்தத்தோடு பேசும், மேலே சுற்றிய வெண்கலம் சும்மா இருக்கும். மேல் கம்பிகள் உரக்கவும் கீழ்க் கம்பிகள் மந்தமாகவும் கேட்கும். எலெக்ட்ரிக் கிடாருக்கு எஃகுக் கம்பி வேண்டும். தடித்த கம்பிகளுக்கு மேல் நிக்கலோ, நிக்கல் பூசிய எஃகோ சுற்றியிருக்க வேண்டும்.

பிக்கப் வந்த அன்றே தடித்த கம்பிக்கு வேலை போய்விட்டது. சத்தம் போடுவது இனி ஆம்ப்ளிஃபயரின் பொறுப்பு. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தடித்த கம்பியே ஓடியது. முதலில் மின்சாரம் ஏறியவை மடியில் கிடத்தி இரும்புக் கட்டையை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிடார்கள். அவற்றில் கம்பியை வளைக்க வேண்டிய தேவையே இல்லை. ஜாஸ் வாசித்தவர்களுக்கு உருண்டு திரண்ட நாதம் போதும். 1950-லும் 1954-லும் ஃபெண்டர் புதுப் புதுக் கிடார்களைக் கொண்டுவந்த பிறகும் கம்பெனிகள் பழைய வழக்கப்படியே கம்பி சுற்றின. மூன்றாவது கம்பியின் மேல் சுற்று இருக்கும். அதைத் தள்ளினால் பாறையைத் தள்ளுவது போலத்தான்.

ப்ளூஸ் வாசித்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. கம்பியை ஃப்ரெட்டின் மேலேயே பக்கவாட்டில் தள்ளி, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் குரல் போல ஏறுவது அவர்களுடைய வழி. கிடார்க்காரர்கள் சொல்லும் ‘பெண்டிங்’. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் வளர்ந்த ஜேம்ஸ் பர்ட்டன், 1957-ல் ‘சூசி க்யூ’ பாட்டில் வாசித்தபோது இன்னும் இருபது வயதைத் தொடாதவர். பேஞ்சோவின் மெல்லிய கம்பியைக் கொண்டுவந்து கிடாரில் மாட்டிக்கொண்டவர்களில் அவர் முக்கியமானவர். அந்தக் காலத்து வாசிப்பாளர்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. முதல் கம்பியாக பேஞ்சோ கம்பி. கிடார் செட்டின் முதல் கம்பி இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவது இடத்துக்கு என்று எல்லாவற்றையும் ஒரு படி தள்ளிக் கட்டுவது. கடைசியாக மிஞ்சும் தடித்த ஆறாவது கம்பியைத் தூக்கிப் போட்டுவிடுவது. இதில் பெரிய லாபம், சுற்றில்லாத மூன்றாவது கம்பி. பாறை இளகியது.

இப்படிக் கையால் செய்துகொண்டிருந்ததைப் பேக்கெட்டில் போட்டு விற்றவர் எர்னி பால். 1958-ல் கலிஃபோர்னியாவின் டார்ஸானாவில் கிடார் மட்டுமே விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். டிரம் செட் விற்காத இசைக்கடை என்ன கடை என்று சிரித்தார்கள். கிடார் கற்க வந்த பிள்ளைகள் 29 கேஜ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்துக்கு 29 பங்கு பருமனுள்ள மூன்றாவது கம்பியோடு மல்லுக்கட்டுவதை அவர் பார்த்தார். மெல்லியதாக ஒன்று செய்து தரும்படி ஃபெண்டரிடம் கேட்டார், நடக்கவில்லை. வேறொரு கம்பி ஆலையில் தனியாகச் சொல்லிச் செய்து வாங்கினார். கடைக்கு வந்த வாசிப்பாளர்கள் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் தேர்ந்து தங்களுக்கென்று செட் சேர்க்கத் தொடங்கினார்கள். 1962-ல் ‘ஸ்லிங்க்கி’ என்ற பெயரில் அவருடைய சொந்தச் செட்டுகள் வந்தன. இன்று உலகமெங்கும் பேக்கெட்டில் தெரியும் 10, 13, 17, 26, 36, 46 என்ற வரிசையும், 9, 11, 16, 24, 32, 42 என்ற வரிசையும் அந்தக் கடையின் பிள்ளைகள்.

இங்கிலாந்தில் அதே மெல்லிய கம்பியை ஒருவர் வேறு வழியின்றித் தேடிப் போனார். பர்மிங்ஹாமில் தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்த டோனி ஐயோமிக்கு 1965-ல், பதினேழு வயதில், வலது கையின் இரண்டு விரல்நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர். கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கிடார் கம்பி கிடைக்காததால் பேஞ்சோ கம்பி மாட்டினார். பிறகு சுருதியையும் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கி, கம்பியை மேலும் தளர்த்தினார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் 1971 ஆல்பத்தில் கேட்கும் அந்தக் கனத்த ஓசை, அடிபட்ட விரலுக்காகத் தளர்த்திய கம்பியிலிருந்து வந்தது. மெல்லிய கம்பிக்குக் கனம் வராது என்று வாதிடும் கொடைக்கானல் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கம்பியை இழுத்துச் சுரம் ஏற்றுவது தமிழ் நாட்டுக்குப் புதிதா? வீணையின் 24 பித்தளை மெட்டுகளும் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும். விரலுக்கடியில் பலகை தட்டாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரம் தாண்டலாம். கமகத்துக்காகவே அமைந்த வாத்தியம் அது. இந்தக் காதோடு வளர்ந்தவர்கள் மேற்கத்திய வாத்தியத்தைக் கையில் எடுத்தபோது முதலில் இடறியது கம்பியில்தான்.

அதைத் தீர்த்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். அப்பாவின் மாண்டலினைச் சிறுவயதிலேயே எடுத்துக்கொண்டார். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர் ருத்ரராஜு சுப்பராஜு குரு. குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் எடுப்பான். குரல் போகும் இடமெல்லாம் கம்பியும் போயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கேயே தொடங்கிவிட்டது.

வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக. ஒரே சுருதியில் இரண்டிரண்டு. ஏன் ஜோடி? அதுவும் சத்தத்துக்காகத்தான். சின்ன உடல், குட்டைக் கம்பி; ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினால்தான் காதில் விழும். ஆனால் கமகத்துக்கு ஜோடியை இழுத்துப் பாருங்கள். இரண்டு கம்பியும் ஒரே அளவு நகராது. ஒன்று ஏற, மற்றது சற்றுப் பின்தங்க, சுரம் இரண்டாகப் பிளந்து அலையும். ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினுக்குப் போய் ஜோடிகளைக் களைந்தார். பிக்கப் இருக்கும்போது சத்தத்துக்கு இரண்டாவது கம்பி எதற்கு? ஒற்றைக் கம்பிகள் மட்டும், அவையும் நான்கில் நிற்காமல் ஐந்து. கூடுதலாக வந்த கம்பி கீழ் ஸ்தாயிக்கு இடம் கொடுத்தது.

1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. 1981 டிசம்பர் சீசனில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது வயது பன்னிரண்டு. சபையில் முகம் சுளித்தவர்களின் கேள்வி, இந்த வாத்தியத்தில் கமகம் வருமா என்பது. பதிலைக் கம்பி சொன்னது. 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா வரை அது போய்ச் சேர்ந்தது. 2014-ல் 45 வயதில் அவர் மறைந்தார். ஐந்து கம்பி மாண்டலின் அவரிடம் கற்றவர்களின் கையில் இருக்கிறது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒருவர் இதே இடத்துக்கு வந்தார். ஆங்கிலேயக் கிடார்க்காரர் ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 1970களின் நடுவில் விக்கு விநாயகராம், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது அவர் கையில் இருந்த கிடாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் பலகையில் உரசாமல் கம்பியை இழுக்க முடிந்தது. வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளை உயர்த்தி வைத்துக் கிடைக்கும் வசதி, கிடாரில் மரத்தைக் குடைந்து கிடைத்தது. பின்னாளில் ‘ரிமெம்பர் சக்தி’ மேடையில் அவரும் ஸ்ரீநிவாஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள்.

சரி, மலையில் இருக்கும் பிள்ளைக்கு எந்தச் செட்? கம்பி அதிரும் நீளம் 25½ அங்குலமாக உள்ள கிடாரில் முதல் கம்பியை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் டென் ஏறத்தாழ 7.3 கிலோ இழுவிசையில் நிற்கும்; நயன் 5.9 கிலோ. பருமன் பத்தில் ஒரு பங்கு குறைய, இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. முழுச் செட்டாகக் கூட்டினால் டென் சுமார் 46 கிலோ, நயன் சுமார் 38 கிலோ. 24¾ அங்குலக் கிடாரானால் எல்லாமே கொஞ்சம் தளர்வாக இருக்கும். நீளமான கிடாரில் நயன் வாசிப்பவருக்கு அதில் டென் அந்நியமாகத் தெரியாது. ஓங்கி ஸ்ட்ரம் பண்ணும் கைக்கும் சுருதியை இறக்கி வாசிப்பவருக்கும் டென் நல்லது. கமகமோ ப்ளூஸோ இழுக்கும் கைக்கு நயன். மார்கழிக் குளிரில் விரல் விறைத்துப்போகும் வீட்டில் நயனுக்கு இன்னும் ஒரு ஓட்டு.

செட் மாற்றினால் கழுத்தின் மேல் எட்டுக் கிலோ கூடுகிறது, அல்லது குறைகிறது. கழுத்து வளைவு மாறும், கம்பியின் உயரம் மாறும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடையும் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜையும் மறுபடி சரிபார்க்காமல் ‘இந்தக் கம்பி சரியில்லை’ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. வத்தலக்குண்டு வெயிலில் சுருதி சேர்த்த கிடார் 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி சற்று ஏறியிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே சுற்றில்லாத எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது பாதி வைத்தியம். மீதிப் பாதி, 1990களின் பிற்பகுதியில் வந்த மெல்லிய பாலிமர் பூச்சுள்ள கம்பி. விலை கூடத்தான், இந்த ஈரத்தில் அந்தப் பணம் வீண் போகாது.

நயனா, டென்னா என்று இன்னும் முடிவாகவில்லையா? மேல் மூன்று கம்பி நயன் செட்டிலிருந்தும் கீழ் மூன்று டென் செட்டிலிருந்தும் எடுத்து மாட்டலாம். மேலே இழுக்கலாம், கீழே ஓங்கி அடிக்கலாம். வாசிப்பாளர்கள் இப்படிக் கலந்து கட்டி வாங்கியதைப் பார்த்துத்தான் கம்பெனிகள் 9 முதல் 46 வரையிலான ‘ஹைப்ரிட்’ செட்டைத் தனிப் பேக்கெட்டாகவே விற்கின்றன. பேக்கெட்டின் மேல் அச்சான எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் யாரோ ஒருவர் தன் கைக்காகச் செட்டைக் கலைத்து மாட்டியதில் பிறந்ததுதான்.