கல்லில் எழுதிய உயில்

‘உயில்’ என்னும் சொல் ஆங்கிலேயர் ஆட்சியோடு தமிழுக்கு வந்தது. ஆனால், தனக்குப் பின் தன் பொருள் யாரைச் சேரவேண்டும், யார் அதைப் பேணவேண்டும் என்னும் கவலை மிகப் பழையது. அக்கவலைக்கு உரிய காலத்தில் விடை காணாத குடும்பங்கள் சிதைந்ததையும், விடை கண்ட ஒருவனின் சொல் ஐந்து நூற்றாண்டு கடந்து பலித்ததையும் தென்காசி, குற்றாலம் சார்ந்த நாட்டின் வரலாற்றில் காணலாம்.

பாண்டியர் தென்காசிக்கு வந்ததே ஒரு வாரிசுப் பூசலின் விளைவு எனலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் அரசுகட்டில் ஏறி நாற்பதாண்டுக்கு மேல் ஆண்டவன். மார்க்கோ போலோ கண்டு வியந்த முத்தும் குதிரை வாணிகமும் செழித்த காலம் அது. முதுமையில் அவன், பட்டத்தரசியின் மகனாகிய சுந்தர பாண்டியனை விடுத்து, வேறொருத்தி வயிற்றில் பிறந்த வீரபாண்டியனுக்கு முதன்மை தந்தான் என்றும், அது பொறாத சுந்தரன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். உடன்பிறந்தார் இருவரும் வாளெடுத்து நின்ற வேளையில், 1311இல் மாலிக் கபூரின் படை தமிழகத்துள் புகுந்தது. சில பத்தாண்டுகளில் மதுரை சுல்தான்கள் வசமாயிற்று. எவன் மூத்தவன், எவனுக்கு எது என்று ஊரும் உறவும் ஒப்புமாறு தந்தை தீர்த்துவைக்காத வழக்கில் இரு மக்களுமே தோற்றனர்.

அக்குலத்தின் பெயர் தாங்கி ஒரு நூற்றாண்டுக்குப் பின் தென்காசியில் ஆண்டவன் சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் (1422–1463). மதுரை கையைவிட்டுப் போன மரபில் வந்தவனுக்கு, பேரரசு என்று சொல்லிக்கொள்ளப் பெருநிலம் இல்லை. எனினும் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். கல்வெட்டாக அவன் விட்டுச்சென்ற பாடல்கள் அக்கோயிலில் உள்ளன. அவற்றுள் ஒன்றின் கருத்து இது: இத்திருக்கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்தால், அப்போது வந்து அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும், உலகறிய அவரை நான் பணிந்தேன்.

இதன் அருமை உணர, அக்கால ஆவண மரபை நினைத்தல் வேண்டும். நிலக்கொடைக் கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் ஓம்படைக்கிளவியோடு முடியும். கொடையைச் சந்திரர் சூரியர் உள்ளவரை புத்திர பௌத்திர பாரம்பரியமாக அனுபவிக்க வேண்டும் என்று கூறி, அதற்குத் தீங்கு செய்வார் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்று அச்சுறுத்தும். அறத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்னும் பணிவுமொழியும் பல்லவர், சோழர் காலந்தொட்டு வழங்கியதே. பராக்கிரமன் சாபத்தைத் தள்ளிப் பணிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைக் கவியாக்கினான். தன் மகனையோ பேரனையோ விளித்து ஆணையிடவில்லை. குருதி உறவு காக்கும் என்று அவன் நம்பியிருக்கக் காரணம் குறைவு. தன் குலத்தின் கதை அவனுக்குத் தெரியும். முகமறியாத ஒருவனைத் தன் வாரிசாக வரித்துக்கொண்டு, அவன் காலில் முன்கூட்டியே விழுந்து வைத்தான்.

கோபுரப்பணி நிறைவேறுமுன் பராக்கிரமன் மறைந்தான் என்றும், தம்பி குலசேகர பாண்டியன் அதனை முடித்தான் என்றும் கூறுவர். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த செய்தி, 1310இன் கதைக்கு நேர் எதிரானது. பிற்காலத்தில் அக்கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. ஒன்பது நிலையோடு அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்ட ஆண்டு 1990. அவன் பணிந்து அழைத்தவர்கள் 527 ஆண்டுகள் கழித்து வந்தனர்.

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கலாயிற்று. கவிராயர் விட்டுச்சென்றவை இரண்டு: ஒன்று நிலம், மற்றொன்று நூல். நிலம் எந்தக் கைக்குப் போனாலும் அளந்து பிரிக்கலாம். நூலோ பிரித்தால் கெடும், பேணாவிட்டால் அழியும். புலவர் குடும்பங்கள் முன்னதற்குப் பத்திரம் எழுதியதுபோலப் பின்னதற்கு எழுதுவது அரிது.

அதன் விளைவைக் கரிவலம்வந்தநல்லூர் காட்டும். சங்கரன்கோவிலுக்கு வடக்கேயுள்ள அவ்வூர், தென்காசிப் பாண்டியருள் புலமைமிக்க கிளையினர் வாழ்ந்த இடம். அதிவீரராம பாண்டியர் தென்காசியில் நைடதம் பாடினார் எனில், அவர் உறவினராகிய வரதுங்கராமர் கருவையில் பிரமோத்தர காண்டம் பாடினார். அவ்வூர்ப் பாண்டியர் ஒருவர் மகப்பேறின்றி மறைந்ததால் பால்வண்ணநாதரே அவருக்குரிய கருமங்களைச் செய்தார் என்பது ஊர் வழக்கு. அவருடைய ஏடுகளும் கோயிலைச் சேர்ந்தன. உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி அங்கே சென்றபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்று, அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அறிந்து நெஞ்சு பதைத்தார்.

இங்கே சொத்துக்கு வாரிசு இல்லாமல் இல்லை. வழக்குப் போட்டவரும் இல்லை. இறைவனே வாரிசு. எரித்தவரும் பகையால் எரிக்கவில்லை, பக்தியால் எரித்தனர். எது யாருக்கு என்பது தீர்ந்திருந்தது. அது எத்தகையது, எவ்வாறு பேணத்தக்கது என்னும் சொல் மட்டும் அவர்களை வந்தடையவில்லை. அந்த ஒரு சொல் இன்மையால் எந்தெந்த நூல் சாம்பலாயிற்று என்பதை எவரும் சொல்ல இயலாது.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையம், செல்லம்மா பாரதியின் ஊர். 1918 இறுதியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி 1920 வரை அங்கே வாழ்ந்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டமிட்டு 1920இல் சுற்றறிக்கை விடுத்தார். தம் படைப்புகளை வாழ்நாளிலேயே ஒழுங்குபடுத்த விழைந்த அம்முயற்சி கைகூடவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். கைம்பெண்ணாகிய செல்லம்மா பதிப்பகம் நிறுவிப் போராடினார். பின்னர் நூலுரிமை பாரதி பிரசுராலயத்தின் வழியே தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது, இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை தனியே பிரிந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் எழுப்பிய குரலுக்குப் பின், 1949இல் அரசு உரிமையைப் பெற்றுப் பொதுமக்களுக்கு ஆக்கியது. பாரதியின் வாரிசு யார் என்னும் வினாவுக்குக் கிடைத்த விடை பராக்கிரமன் தந்த விடையே: முகமறியாத மக்கள். அவ்விடை கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின. அதற்குள் குடும்பம் பட்ட பாடு சிறிதன்று.

இன்று கவிஞனுக்குச் சட்டம் வழி காட்டுகிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதுபவர் தெளிந்த மனத்தோடு கையொப்பமிட்டு, இரு சாட்சிகளும் கையொப்பமிட்டால் உயில் செல்லும். பதிவு கட்டாயமன்று; ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உயில் பிற்காலப் பூசலைப் பெரிதும் குறைக்கும். பல உயில்கள் இருப்பின் கடைசி உயிலே நிற்கும். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆடவர் இறந்தால், 1956ஆம் ஆண்டின் சட்டப்படி அவருடைய தனிச்சொத்து தாய், மனைவி, மகன், மகள் என்போரைச் சமமாகச் சேரும். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் சட்டம் திருந்தியது. பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, பங்கில்லை என்னும் பழம்பேச்சு இனி வழக்கு மன்றத்தில் எடுபடாது. சிற்றாற்றுப் பாசன நன்செயாயினும் குற்றாலத்துத் தோப்பாயினும், இதை அறியாத தந்தை தம் மக்களுக்கு வழக்கையே விட்டுச்செல்கிறார்.

நூலுக்கும் இதுவே வழி. ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். அது பிள்ளைகள் அனைவரிடமும் சிதறினால், ஒரு மறுபதிப்புக்குப் பலருடைய இசைவு வேண்டும். வெளிவராத கையெழுத்துப் படியை உயில்வழி ஒருவருக்குக் கொடுத்தால், உயிலில் மாறாகச் சொல்லாதவரை, ஆசிரியருக்கு இருந்த பதிப்புரிமையும் அவரையே சேரும். ஆகவே படியை யாரிடம் தருவது, பதிப்பை யார் நடத்துவது, வரும் பொருளை யார் யார் எவ்வளவு பெறுவது என்று தனித்தனியே எழுதிவைத்தல் நலம். எழுதியதைப் பெட்டியில் பூட்டாமல், மனைவியையும் மக்களையும் ஒருங்கே இருத்திப் படித்துக்காட்டினால், பின்னர் எவரும் ஏமாற்றப்பட்டதாக எண்ண இடமிராது.

கருவை ஏடுகளுக்கு உரிமையாளர் இருந்தும் அறிந்தவர் இல்லை. பாரதி பாடல்களுக்கு அறிந்தவர் பலர் இருந்தும் உரிமை சிக்கலாயிற்று. இரண்டையும் ஒருசேரத் தீர்த்தவன் பராக்கிரமன். தன் விருப்பத்தை வந்தவர் எல்லோரும் படிக்கும் இடத்தில், தாய்மொழியில் எழுதினான், பொருளின் அருமையையும் அதைப் பேணும் கடமையையும் சேர்த்தே சொன்னான், பேணுபவரை வணங்கினான். தென்காசிக் கோபுரத்தை நிமிர்ந்து நோக்குபவர் உள்ளே சென்று அக்கல்லையும் ஒருமுறை படித்தல் வேண்டும். பின்னர் வீடு திரும்பித் தம் பெட்டியிலுள்ள தாள்களை எடுத்துப் பார்த்தல் வேண்டும்.