பீட்

பீட் அல்லது வணக்கத்துக்குரிய பீட் (672 அல்லது 673 – மே 26, 735) இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்த நார்தம்பிரியா அரசில் வாழ்ந்த கிறித்தவத் துறவியும், அறிஞரும், வரலாற்றாசிரியரும் ஆவார். இலத்தீன் மொழியில் எழுதி 731 இல் நிறைவு செய்த "ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாறு" என்னும் நூலினால் இவர் ஆங்கில வரலாற்றின் தந்தை எனப்படுகிறார்.

வாழ்க்கை

ஏழு வயதில் உறவினரால் வேர்மவுத் மடத்தில் சேர்க்கப்பட்ட பீட், வாழ்நாளின் பெரும்பகுதியை அதன் இணை மடமான ஜாரோவில் கழித்தார். மடத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்கோப் உரோமைப் பயணங்களில் சேகரித்து வந்த நூல்களே இவரது புலமைக்கு அடித்தளமாயின. 19 ஆம் வயதில் திருத்தொண்டராகவும், 30 ஆம் வயதில் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். மடத்தை விட்டு இவர் வெளியே சென்றது அரிது.

திருச்சபை வரலாறு

ஐந்து பாகங்களைக் கொண்ட இந்நூல் யூலியசு சீசரின் படையெடுப்பில் தொடங்கி 731 வரை வருகிறது. தாம் அறிந்தது எவரிடமிருந்து என்பதைப் பீட் முன்னுரையிலேயே கூறிவிடுகிறார். அக்காலத்தில் இது எளிதில் காணக்கூடிய வழக்கமன்று. கான்டர்பரி மடத்தலைவர் அல்பினசு செய்திகளைத் திரட்டித் தந்தார். இலண்டன் குருவான நொத்தெல்ம் உரோமை ஆவணக் காப்பகத்திலிருந்து திருத்தந்தையரின் கடிதங்களைப் படியெடுத்து வந்தார். அற்புதச் செய்திகள் நூலில் நிறைய உள்ளன. பிரித்தானியப் பழங்குடி கிறித்தவர்கள் மீது இவர் காட்டும் கடுமையும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் அக்கால இங்கிலாந்தைப் பற்றி இதற்கு இணையான சான்று வேறில்லை.

காலக் கணிப்பு

உயிர்ப்பு ஞாயிறு எந்நாளில் வரும் என்பது அன்று திருச்சபையைப் பிளவுபடுத்திய சிக்கலாகும். எனவே காலக் கணிப்பு பீடின் முதன்மைத் துறைகளுள் ஒன்றாயிற்று. 703 இல் எழுதிய சிறுநூலில், உலகப் படைப்புக்கும் கிறித்து பிறப்புக்கும் இடையில் 3952 ஆண்டுகள் எனக் கணித்தார். பலர் ஏற்றிருந்த எண் 5,000 ஐத் தாண்டியது. இதனால், ஆயர் வில்பிரிட் இருந்த விருந்தொன்றில் சிலர் இவர் மீது திரிபுக் கொள்கைக் குற்றம் சாட்டினர். பீட் 708 இல் கடிதம் மூலம் வன்மையாக மறுத்தார். தம் கணிப்பைக் கைவிடவில்லை. 725 இல் எழுதிய விரிவான நூலில் புவி உருண்டை வடிவானது என்றும், கடல் ஏற்ற இறக்கத்தின் நேரம் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபடும் என்றும் விளக்கினார். கிறித்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறை ஐரோப்பாவில் பரவியதில் இவரது நூல்களுக்குப் பெரும்பங்குண்டு. அம்முறையை வகுத்தவர் இவரல்லர். 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோனீசியசு எக்சிகுவசு ஆவார்.

இறப்பு

இறுதி நாட்களில் யோவான் நற்செய்தியைப் பழைய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இவரது மாணவர் கத்பர்ட் கடிதத்தில் எழுதியுள்ளார். ஜாரோவில் அடக்கம் செய்யப்பட்ட இவரது எலும்புகள் 11 ஆம் நூற்றாண்டில் டர்காம் பேராலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1899 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.