நான்கு படைகளும் எட்டு நிலங்களும்

பரந்த நாட்டைக் காக்கும் அரசனுக்கு எல்லை நீண்டிருக்கும். படையோ குறைவாகவே இருக்கும். உள்ள படையை எங்கெங்கு நிறுத்தினால் காவல் மிகும் என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் கணிதத்திற்கும் உரியதாயிற்று. உரோமப் பேரரசின் வரலாறு அதற்குச் சிறந்த சான்றாகும்.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமர் பகைவரை எல்லையிலேயே தடுக்க முயன்றனர். 122-இல் பிரித்தானியாவில் ஹேட்ரியன் தொடங்கிய மதில் அக்கொள்கையின் அடையாளம். கான்ஸ்டன்டைன் (306-337) காலத்திலோ, வேண்டுமிடத்திற்கு விரையும் நடமாடும் படைகள் முதன்மை பெற்றன. எல்லையை அவர் வலுவிழக்கச் செய்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் சோசிமஸ் குறை கூறினார்.

இந்நிலையை 2000-இல் சார்லஸ் ரெவெல், கென்னத் ரோசிங் ஆகியோர் ஒரு கணக்காக அமைத்தனர். பேரரசு எட்டு நிலங்களாகவும் நடமாடும் படைகள் நான்காகவும் சுருக்கப்பட்டன. படையில்லா நிலத்திற்கு அண்டை நிலத்திலிருந்து ஒரு படை செல்லலாம். ஆயின் புறப்படும் இடத்தில் இரு படைகள் இருத்தல் வேண்டும். ஒன்று சென்றபின் மற்றொன்று அங்குக் காவலாக நிற்கும்.

கான்ஸ்டன்டைன் உரோமில் இரண்டும் கான்ஸ்டான்டிநோபிளில் இரண்டும் நிறுத்தியதாக இக்கணக்குக் கொள்கிறது. அப்போது ஏழு நிலங்கள் காவல் பெறுகின்றன. பிரித்தானியா மட்டும் எஞ்சுகிறது. அங்கு ஒரு படை சேர நான்கு பெயர்ச்சிகள் வேண்டும். 306-இல் படையினர் அவரைப் பேரரசராக அறிவித்தது அதே பிரித்தானியாவின் யார்க் நகரில் என்பது எண்ணத்தக்கது.

முழுவெண் நிரலாக்கம் என்னும் முறையால் இக்கணக்கைத் தீர்த்தால் வேறு விடைகள் கிடைக்கின்றன. உரோமில் இரண்டு, பிரித்தானியாவிலும் சிற்றாசியாவிலும் ஒவ்வொன்று என நிறுத்தின் எட்டு நிலங்களும் காவல் பெறும். அங்ஙனமாயின் கான்ஸ்டன்டைன் பிழை செய்தாரா? அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. இவ்விடையில், உரோமிலிருந்து ஒரு படை புறப்பட்டவுடன் எங்கும் இணைப்படை இராது. இரண்டாம் போர் மூண்டால் உதவ எவருமிலர். மேலும், 330-இல் திறப்புவிழாக் கண்ட புதிய தலைநகர் தனக்கெனப் படையின்றி நிற்கும். கான்ஸ்டன்டைனின் அமைப்பிலோ ஓர் இணை புறப்பாட்டால் குலைந்தாலும் மற்றோர் இணை எஞ்சும்.

எதனைக் காக்க வேண்டும், எத்தனை போர்களை எதிர்பார்க்க வேண்டும் என்பவற்றைக் கணக்கு தானே முடிவு செய்வதில்லை. அவற்றை வகுப்பவர் மனிதரே. ஆயினும், எந்தத் தேர்வுக்கு எந்த நிலம் விலையாகிறது என்பதைக் கணக்கு மறைக்காது காட்டிவிடுகிறது. 410-ஐ ஒட்டிப் பிரித்தானியா உரோமர் கையைவிட்டு நீங்கியது. அதற்குக் காரணங்கள் பலவெனினும், உதவி கடைசியாக எட்டும் இடம் முதலில் இழக்கப்படும் என்னும் உண்மை அதில் புலனாகிறது. தீயணைப்பு வண்டிகளின் நிலையங்களை அமைக்க இவ்வகைக் கணக்குகளையே நாடுவோர்க்கும் அவ்வுண்மை பொருந்தும்.