டிரவுட் மீனும் நிம்ஃப் தூண்டிலும்

கடியப்பட்டணம் போன்ற குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் தூண்டில் வயிற்றுப்பாட்டுக்கான கருவி ஆகும். நீலகிரியிலோ ஆங்கிலேயர் அதனைப் பொழுதுபோக்குக்காகக் கையில் எடுத்தனர். அதற்காகவே ஓர் அயல் மீனை மலைக்குக் கொண்டுவந்தனர். அம்மீனே டிரவுட். அதைப் பிடிக்கும் போலிப் பூச்சிகளுள் புகழ்பெற்ற ஒன்று நிம்ஃப்.

நீலகிரிக்கு வந்த வரலாறு

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழும் மீன். தென்னிந்தியாவில் இது இயற்கையாக இல்லை. 1863இல் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே இதனை நீலகிரியில் குடியேற்ற முயன்றார், வெற்றி கிட்டவில்லை. குளிர்ச்சி குன்றாமல் முட்டைகளை வெப்பக் கடல்களைக் கடந்து கொண்டுவருவது அன்று பெரும் சிக்கலாக இருந்தது. நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பின்னர் எச். சி. வில்சன் வானவில் டிரவுட் இனத்தைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். 1907இல் உதகைக்கு அருகே அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

நிம்ஃப் என்பது

மேஃபிளை போன்ற நீர்ப்பூச்சிகள் சிறகு முளைக்கும்வரை நீருக்கடியில் வாழ்கின்றன. இந்த இளம்பருவமே நிம்ஃப் எனப்படும். டிரவுட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே தேடுகிறது. ஆயினும் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில், மிதக்கும் போலி ஈயால் பிடிப்பதே முறையானது எனப் பலர் வற்புறுத்தினர். வழக்கறிஞர் ஜி. ஈ. எம். ஸ்கூஸ் 1910இல் வெளியிட்ட நூலில் நிம்ஃப் முறைக்காக வாதிட்டார். இதுபற்றிய வாக்குவாதம் 1938இலும் ஓயவில்லை.

கட்டும் முறை

ஆற்றுக் காவலர் பிராங்க் சாயர் வடிவமைத்த நிம்ஃப் மிக எளியது. இதற்கு நூல் தேவையில்லை. மெல்லிய செம்புக் கம்பியே நூலாகவும் எடையாகவும் பயன்படுகிறது. முதலில் கொக்கித் தண்டில் கம்பியைச் சுற்றி, மார்புப் பகுதியில் சிறு புடைப்பு அமைக்க வேண்டும். ஃபெசன்ட் பறவையின் வாலிறகு இழைகள் சிலவற்றின் நுனியை வாலாக விட்டுக் கட்ட வேண்டும். மீதி இழைகளைக் கம்பியோடு முறுக்கி உடலாகச் சுற்ற வேண்டும். பின், இழைகளை மார்பின்மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால் சிறகு உறை போலத் தோன்றும். கால்கள் வைப்பதில்லை, இவ்வகைப் பூச்சி நீந்தும்போது கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும் என்பதைச் சாயர் கண்டிருந்தார்.

பிடிக்கும் முறை

மீன் இருக்குமிடத்துக்கு மேல்புறமாக நிம்ஃபை வீசி, மூழ்கி மிதந்துவர விட வேண்டும். அது மீனை நெருங்கும்போது தூண்டிற்கோலின் நுனியை மெல்ல உயர்த்தினால், பூச்சி மேலெழுவதாக எண்ணி மீன் கவ்வும். நரம்பு சற்றே நின்றாலோ துடித்தாலோ உடனே இழுக்க வேண்டும்.

இன்றைய பார்வை

பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டும் உலகின் மிகத் தீங்கான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. புதிய நீர்நிலைகளில் அவை அங்குள்ள சிறுமீன்களையும் தலைப்பிரட்டைகளையும் உண்கின்றன. ஒரு தலைமுறையின் பொழுதுபோக்கு, பின்வரும் தலைமுறைகள் பார்த்துக்கொள்ள வேண்டிய சூழலியல் பொறுப்பாக மாறியுள்ளது.