500 கோடி உயிர்களுக்கு யார் பொறுப்பு?

1980 செப்டம்பர் தேதியிட்ட ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸின் 137ஆம் இதழின் விலை 75 சென்ட். முந்தைய இதழுக்கு 40 சென்ட் கொடுத்துப் பழகிய அமெரிக்கச் சிறுவர்கள், இரட்டிப்புப் பக்கங்களோடு வந்த அதை வாங்கிப் புரட்டினார்கள். கடைசிப் பக்கங்களில் ஜீன் கிரே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் இதழிலேயே அறிமுகமானவள் அவள். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் சேர்ந்து 129 முதல் 138 வரை பத்து இதழ்களில் சொன்ன இந்தக் கதையை ‘டார்க் ஃபீனிக்ஸ் சாகா’ என்கிறார்கள் ரசிகர்கள். சூப்பர் ஹீரோ கூட்டணிக் கதைகளில் மிகச் சிறந்தது எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் முன்வரிசையில் வந்து நிற்கிறது. முக்கியமான பாத்திரம் இறந்ததுதான் காரணம் என்பது வழக்கமான பதில். ஆனால் 1973லேயே ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்துவிட்டாள். அதன் பிறகு இந்த உலகில் செத்தவர்களுக்கும் பிழைத்து வந்தவர்களுக்கும் கணக்கே இல்லை. இந்தக் கதை நிலைத்ததற்குக் காரணம் சாவு அல்ல. அந்தச் சாவுக்கு முன்னால் நடந்த ஒரு குற்றமும், அதை மூடி மறைக்க மறுத்த கதையின் பிடிவாதமும் என்பதே என் வாதம்.

குற்றத்துக்கு எடை வர வேண்டுமானால், செய்தவள் யார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுத்தது, விந்தையாக, எக்ஸ்-மென்னின் பழைய தோல்விதான். 1970 முதல் 1975 வரை அந்த இதழில் புதுக்கதையே கிடையாது. பழைய கதைகளையே திருப்பி அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். 1975இல் லென் வெய்னும் ஓவியர் டேவ் காக்ரமும் புதிய குழுவை உருவாக்கி அதற்கு உயிரூட்டினார்கள். உடனே எழுத்துப் பொறுப்பு கிளேர்மான்ட் கைக்கு வந்தது. இதழ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. 1978இல்தான் மாத இதழானது. ஒரே எழுத்தாளர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எழுதியதால், இன்று ஒரு கட்டத்தில் போட்ட விதையை மூன்று ஆண்டு கழித்து அறுவடை செய்யும் வசதி கிடைத்தது. வாசகரின் ஆயுளும் பாத்திரத்தின் ஆயுளும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. இது தொடர்கதைக்கு மட்டுமே வாய்க்கும் பலம்.

ஜீனின் கதை அப்படித்தான் வளர்ந்தது. 1976இல், கதிர்வீச்சுப் புயலின் நடுவே விண்கலத்தை ஓட்டி நண்பர்களைக் காப்பாற்றுகிறாள். கலம் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவில் விழுகிறது. நீரைக் கிழித்துக்கொண்டு, பெரும் சக்தி பெற்ற ஃபீனிக்ஸாக எழுகிறாள். 1977இல் அதே சக்தியால் அண்டம் முழுவதையும் அழிவிலிருந்து மீட்கிறாள். 1979இல் ஜேசன் விங்கார்ட் என்ற நாகரிகமான மனிதன் குறுக்கிடுகிறான். அவன் உண்மையில் மாயக்காட்சிகளால் மனங்களை ஆட்டிவைக்கும் மாஸ்டர்மைண்ட். தான் 18ஆம் நூற்றாண்டுப் பிரபுக்குலப் பெண் என்ற நினைவை ஜீனின் மனத்தில் சொட்டுச் சொட்டாக இறக்குகிறான். இதற்கு நடுவே, 132ஆம் இதழில் ஓர் அமைதியான காட்சி வருகிறது. பாலைவனத்துப் பாறைமேட்டின் உச்சியில் ஜீனும் அவள் காதலன் ஸ்காட்டும் மட்டும். ஸ்காட்டின் கண்களிலிருந்து எப்போதும் அழிவுக்கதிர் பாய்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பது தூள்தூளாகும். ஜீன் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, கதிரைத் தன் மனத்தாலேயே தடுத்து நிறுத்துகிறாள். ஸ்காட் முதன்முறையாகத் தடையில்லாமல் அவளைப் பார்க்கிறான். காதல் காட்சி போலத் தெரியும் அது ஓர் எச்சரிக்கையும்கூட: சிரமமே இல்லாமல் இதைச் செய்பவளால் வேறு என்னவெல்லாம் முடியும்?

அதற்கான பதில் 134, 135ஆம் இதழ்களில் வருகிறது. ஹெல்ஃபயர் கிளப் என்ற செல்வந்தர் கூட்டத்தில் ‘கறுப்பு ராணி’யாக மாற்றப்பட்ட ஜீன் தளையை உடைக்கிறாள், மாஸ்டர்மைண்டைப் பழிவாங்குகிறாள், தன் நண்பர்களையே அடித்து வீழ்த்திவிட்டுப் பூமியை விட்டுப் பறக்கிறாள். தொலைதூரத்தில் பசி எடுக்கிறது. ஒரு விண்மீனுக்குள் பாய்ந்து அதன் ஆற்றலை உறிஞ்சிக் குடிக்கிறாள். அந்த விண்மீனைச் சுற்றிவரும் கோளில் டிபாரி என்ற இனம் வாழ்கிறது. அந்தக் கோளின் பக்கத்தைப் பைர்ன் வரைந்த விதம் முக்கியம். டிபாரிகள் பச்சைநிறக் காய்கறித் தண்டு போன்ற தலைகொண்டவர்கள். சிரிக்க வைக்கும் தோற்றம்தான். ஆனால் அவர்கள் கோட்டையிலோ போர்க்களத்திலோ இல்லை. சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருக்கும்போது அண்ணாந்து பார்க்கிறார்கள். அவ்வளவுதான், சூரியன் வெடிக்கிறது. 500 கோடி உயிர்கள் முடிந்தன. கொன்றவளுக்கு அவர்கள்மேல் பகைகூடக் கிடையாது. அவர்கள் இருப்பதே அவளுக்குப் பொருட்டாக இல்லை. சூப்பர் ஹீரோ கதைகளில் நகரங்கள் இடிவது வழக்கம், ஆனால் மறு இதழில் எல்லாம் சரியாகிவிடும். இங்கே சரியாக்க யாரும் மிச்சமில்லை.

இந்த இடத்தில்தான் கதைக்கு வெளியே ஒரு வழக்கு தொடங்கியது. கிளேர்மான்ட்டும் பைர்னும் முதலில் திட்டமிட்ட முடிவில் ஜீன் சாகவில்லை. ஷியார் என்ற விண்வெளிப் பேரரசு அவளுடைய சக்திகளைப் பறித்துவிடும். அவள் சாதாரணப் பெண்ணாக வீடு திரும்புவாள். அந்த முடிவோடு இதழ் வரைந்தும் முடிந்துவிட்டது. இதழை வெளியிட்ட மார்வலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஏற்கவில்லை. ஓர் இனத்தையே அழித்தவள் தண்டனையின்றி வீட்டுக்குப் போவது அறமாகாது என்பது அவர் நிலை. சிறையில் அடைக்கலாமே என்றபோது, எக்ஸ்-மென் சும்மா இருப்பார்களா, திரும்பத் திரும்ப மீட்கத்தான் போவார்கள் என்று எதிர்வாதம் வந்தது. இழுபறிக்குப் பிறகு மரணம் முடிவானது. கடைசிப் பக்கங்கள் மாற்றி வரையப்பட்டன. பழைய முடிவை ‘ஃபீனிக்ஸ்: தி அன்டோல்ட் ஸ்டோரி’ என்ற பெயரில் 1984இல் மார்வலே வெளியிட்டதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. பழைய முடிவில் சோகம் உண்டு. ஆனால் டிபாரிகளை யாரும் நினைக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

அப்படியானால் இது மேலதிகாரி திணித்த முடிவுதானே, இதைப் போய்க் கலையின் வெற்றி என்பதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் திணித்த முடிவு எப்போது உறுத்தும்? முன்பகுதியோடு பொருந்தாதபோது. இங்கே நடந்தது வேறு. ஷூட்டர் கேட்ட கேள்வி கதைக்குள்ளேயே இருந்தது. எழுதியவர்கள் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார்கள். 136ஆம் இதழில், பூமிக்குத் திரும்பிய ஜீன் தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறாள். நகங்களை நீட்டி நிற்கும் வோல்வரின், கொல்லத் தயங்காதவன் என்று பெயரெடுத்தவன், தடுமாறி நின்றுவிடுகிறான். 137ஆம் இதழில், ஜீனின் உயிருக்காக ஷியார் படையோடு நிலவில் நடக்கப்போகும் சண்டைக்கு முந்தைய இரவு, குழுவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே யோசிக்கிறார்கள். மறுநாள் போரிடப்போவது தோழிக்காக. ஆனால் நியாயம் எந்தப் பக்கம்? வழக்கமாக வில்லனாக வரவேண்டிய விண்வெளிப் பேரரசின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாஸ்டர்மைண்ட் மனத்தைக் கெடுத்தான் என்பது ஜீனுக்குச் சாதகம். விண்மீனைக் குடித்தபோது அவன் பக்கத்திலேயே இல்லை என்பது பாதகம். தன்னிலை இழந்தவர் செய்ததற்குப் பொறுப்பு யாருக்கு என்று எந்த நீதிமன்றத்திலும் எழக்கூடிய கேள்வியை ஒரு சிறுவர் இதழ் இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்டிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பெண்ணியத் தரப்பிலிருந்து வருகிறது. மாபெரும் சக்தி பெற்ற ஒரு பெண், அதைத் தாங்க மாட்டாமல் பைத்தியமாகி, இறுதியில் அழிய வேண்டியிருக்கிறது. இது பழைய ஆண்மனப் பயத்தின் மறுபதிப்பு என்கிறார்கள். கறுப்பு ராணியின் உடை இந்தக் குற்றச்சாட்டுக்கு வலு சேர்க்கிறது. 1966இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்திலிருந்துதான் ஹெல்ஃபயர் கிளப்பும் அந்த உடையும் வந்தன. ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இன்னொரு குறையையும் நானே சேர்க்கிறேன்: ஜீனின் உயிர் பற்றிய வழக்கில் ஜீனை யாரும் எதுவும் கேட்பதில்லை. போரால் தீர்ப்புக் கேட்பதும் எக்ஸ்-மென்னின் ஆசானான பேராசிரியர் சேவியர்தான். அவளுடைய மனத்தில் தடுப்புகளைப் போட்டதும் அவர்தான். ஆனால் இதனாலேயே கடைசிக் காட்சி வேறு பொருள் பெறுகிறது. தோழர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்து, ஸ்காட்டும் சாய்ந்ததும் ஃபீனிக்ஸ் மறுபடி விழிக்கிறது. அவளை அடக்குமாறு சேவியர் தன் மாணவர்களுக்கே கட்டளையிடுகிறார். ஜீன் யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்காமல், நிலவின் இடிபாடுகளில் கிடந்த பழைய ஆயுதத்தின் முன் போய் நிற்கிறாள். கதை முழுவதும் மற்றவர்கள் எழுதிய அவளுடைய விதியை அவள் கையில் எடுக்கும் ஒரே இடம் அது. பெண்ணின் விடுதலைக்கு இது போதாது என்றால் மறுக்க மாட்டேன். அவளைப் பலியாடாக மட்டும் பார்த்தால் இந்தத் தேர்வு கண்ணில் படாது என்பதே என் பதில்.

அடுத்த ஆட்சேபம் எளியது: அவள்தான் திரும்பி வந்துவிட்டாளே! ஆம், 1986இல் வந்தாள். ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உண்மையான ஜீன் உறங்கிக்கொண்டிருந்தாள், விண்மீனைத் தின்றது அவள் உருவம் எடுத்திருந்த அண்டசக்தி என்று புதிய விளக்கம் சொல்லப்பட்டது. யோசனையைத் தந்தவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான கர்ட் பியூசிக். ‘எக்ஸ்-ஃபாக்டர்’ என்ற புதிய இதழில் எக்ஸ்-மென்னின் முதல் ஐவரையும் ஒன்றுசேர்க்க மார்வலுக்கு ஜீன் தேவைப்பட்டாள். இதில் கவனிக்க வேண்டியது அந்த விளக்கத்தின் வடிவம். சாவை ரத்துசெய்ய வேண்டுமானால் முதலில் குற்றத்தை ரத்துசெய்தாக வேண்டியிருந்தது. ஜீன் நிரபராதி என்று நிறுவாமல் அவளைக் கொண்டுவர ஷூட்டர் விடவில்லை. ஆக, கதையின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதற்கு அதைக் கலைத்தவர்களே சாட்சி. கலைத்ததற்கு விலையும் கொடுத்தார்கள்: ஜீன் வந்த செய்தி கேட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடும் ஸ்காட்டைப் பல வாசகர்கள் மன்னிக்கவே இல்லை.

திரைப்படங்களும் அதே பாடத்தைச் சொல்கின்றன. 2006இல் வந்த ‘எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ இந்தக் கதையை, மரபுமாற்றத்தைக் குணப்படுத்தும் மருந்து பற்றிய வேறொரு கதையோடு முடிச்சுப்போட்டது. ஜீனின் முடிவு அவள் கையில் இல்லாமல் வோல்வரின் கைக்குப் போனது. 2019இல் சைமன் கின்பெர்க் இயக்கிய ‘டார்க் ஃபீனிக்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதிலும் டிபாரிகள் வருகிறார்கள், ஆனால் அவர்களின் உலகை அழித்தது ஜீனுக்குள் நுழைவதற்கு முன்பிருந்த சக்தி, வில்லன்களோ டிபாரிகளே! பாதிக்கப்பட்டவர்களை வில்லனாக்கினால் கதாநாயகியின் கணக்கு தானாகவே நேராகிவிடுகிறது. இரண்டு படங்களின் எழுத்திலும் கின்பெர்க்குக்குப் பங்கு உண்டு. கோடிக்கணக்கில் பணமும் இருந்தது. இருந்தும் வாசகர்கள் நான்கு ஆண்டு ஜீனோடு வாழ்ந்து பெற்ற நெருக்கத்தை இரண்டு மணி நேரத்தில் உண்டாக்க முடியவில்லை. குற்றத்தையும் எடுத்துவிட்டதால் மிச்சமிருந்தது நெருப்பும் புகையும்தான்.

சிறுவயதில் படித்த எதுவும் பெரிதாகத்தான் தெரியும், இது வெறும் பழமைப் பாசம் என்று சொல்வோரும் உண்டு. அப்படியானால் 1980இல் பிறந்திருக்காத வாசகர்கள், 1984 முதல் நூல்வடிவில் கிடைக்கும் இந்தக் கதையைத் தேடிப் படிப்பதற்கு என்ன விளக்கம்? அன்றைய வசனநடை இன்று மிகையாகத் தெரியும்; எண்ணக் குமிழிகள் கட்டத்தை அடைக்கும். அவற்றைப் பொறுத்துக்கொண்டு அவர்கள் படிப்பது, நாம் நேசிக்கும் ஒருவர் மன்னிக்க முடியாததைச் செய்துவிட்டால் நம் அன்பை என்ன செய்வது என்ற கேள்விக்காக. இந்தக் கதை அன்பையும் கைவிடவில்லை, தீர்ப்பையும் கைவிடவில்லை. அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் வாசகரை ஆறுதல்படுத்தப் பார்த்தன. அதனால்தான் முதல் வடிவத்துக்கே எல்லோரும் திரும்புகிறார்கள்.

ஜீனைப் புதைத்த 138ஆம் இதழிலேயே ஸ்காட் குழுவை விட்டு விலகுகிறான். பதின்மூன்று வயதுச் சிறுமி கிட்டி பிரைட் பள்ளி வாசலில் வந்து நிற்கிறாள். அவளை மையமாக வைத்து அதே கிளேர்மான்ட்டும் பைர்னும் 1981இல் வெறும் இரண்டே இதழ்களில் சொன்ன இன்னொரு கதை, நடந்த குற்றத்தை விட்டு, நடக்கப்போகும் குற்றத்தைத் தடுக்க முடியுமா என்று கேட்டது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)