கன உலோக மாசும் காய்கறிப் பயிர்களும்

கன உலோக மண் மாசு என்பது காட்மியம், ஈயம், நிக்கல், செப்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் மண்ணில் இயல்பான அளவை விட மிகுதியாகச் சேர்வதைக் குறிக்கும். சுரங்கக் கழிவு, உருக்காலைப் புகை, கழிவுநீர்ச் சேறு, ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு ஆகியன இதன் முக்கிய மூலங்கள். பாசுபேட்டு உரங்களிலும் சிறிதளவு காட்மியம் உண்டு. கரிமச் சேர்மங்களைப் போல உலோகங்கள் சிதைவதில்லை. ஆதலால் மாசடைந்த தோட்டம் பல தலைமுறைகளுக்கு அவ்வாறே இருக்கும்.

வளர்ச்சியில் விளைவுகள்

பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது வேர் ஆகும். வேர் நுனியில் உயிரணுப் பிரிவு தடைபடுவதால் வேர்கள் குட்டையாகவும் தடித்தும் பழுப்பாகவும் மாறுகின்றன, வேர்த்தூவிகள் குறைகின்றன. துத்தநாகம், நிக்கல், செப்பு ஆகியவை மிகும்போது இரும்புச்சத்துக் குறைபாடு தோன்றி, இளம் இலைகள் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகின்றன. காட்மியம் நொதியங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இதற்கு எதிராகத் தாவரங்கள் பைட்டோகெலட்டின் எனும் சிறு பெப்டைடுகளை ஆக்கி, காட்மியத்தை உயிரணுவின் உட்குமிழிகளில் ஒதுக்கி வைக்கின்றன. இவை 1985 இல் விவரிக்கப்பட்டன. இவ்வாறு தாவரம் தன்னைக் காத்துக்கொள்கிறது; அதை உண்பவருக்கு இக்காப்பு இல்லை.

மண்-தாவரத் தடை

செடியின் தோற்றத்தைக் கொண்டு காய்கறியின் பாதுகாப்பை முடிவு செய்ய இயலாது. செப்பு, துத்தநாகம் ஆகியவை உண்பவருக்குத் தீங்கான அளவை எட்டுமுன் செடியே குன்றிவிடும். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும் (வேரே உணவாகும் கேரட், முள்ளங்கி போன்றவற்றில் இதனால் பயனில்லை). காட்மியமோ செடி செழிப்பாகத் தோன்றும்போதே இலைகளில் சேர்ந்துவிடக்கூடியது. பசலைக்கீரை, லெட்டூசு போன்றவற்றில் இது மிகுதி. தக்காளி, அவரை வகைகளில் குறைவு. கோடெக்சு உணவுத் தர ஆணையம் இலைக் காய்கறிகளுக்குக் கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியத்தை உச்ச வரம்பாக வைத்துள்ளது.

சிப்பாம் கிராமம்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள சிப்பாமில் முன்னாளில் துத்தநாகத் தாது தோண்டப்பட்டது. அங்குள்ள வீட்டுத் தோட்டங்களின் மண்ணில் மிக உயர்ந்த காட்மிய அளவு 1979 இல் கவனத்துக்கு வந்தது. சில இடங்களில் அது கிலோகிராமுக்கு 100 மில்லிகிராமையும் தாண்டியது. மாசடையாத மண்ணில் இது பொதுவாக 1 மில்லிகிராமுக்கும் குறைவு. எனினும் காய்கறிகளில் காட்மியம் அதே விகிதத்தில் உயரவில்லை; மக்களிடம் கடும் நோய்களும் காணப்படவில்லை. மண்ணின் சுண்ணாம்புத் தன்மையும், காட்மியத்துடன் போட்டியிடும் துத்தநாகத்தின் மிகுதியும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

தணிக்கும் வழிகள்

அமில மண்ணில் காட்மியம் எளிதில் கரைந்து வேரை அடையும் என்பதால் சுண்ணாம்பு இடுதல் பரிந்துரைக்கப்படுகிறது. மட்கிய எருவும் உலோகங்களைப் பிணைத்து வைக்கும். இலைமேல் படிந்த ஈயத் தூசியைக் கழுவிப் பெருமளவு நீக்கலாம். இலைக்குள் சேர்ந்த காட்மியம் கழுவினால் போவதில்லை.